கிரவுண்ட் காசை வெட்டிவிட்டார்களா? எந்தக் கந்தோருக்குப் போய் என்ன எழுதிக் கேட்பது

"ஒதுக்கீடு இல்லை தம்பி." மலையகத்தில் விளையாட்டுக் கழகம் நடத்துகிற யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். போன வருஷம் வரை கரப்பந்து நெட்டோ, இரண்டு பந்தோ, போட்டிக்குப் போக ஒரு பஸ்ஸோ வந்துகொண்டிருக்கும், இந்த வருஷம் திடீரென்று நின்றுவிடும், போய்க் கேட்டால் இந்தப் பதில். பாதிப் பேர் அப்படியே திரும்பி வந்துவிடுவோம், மீதிப் பேர் முகநூலில் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டுவிடுவோம். நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், ஒரு பந்துகூட வரவில்லை. பிறகு மெதுவாகப் படித்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, வெட்டப்பட்டது யாருடைய காசு என்று கண்டுபிடிப்பது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் எங்கள் கழகம் எட்டு மாதத்தைத் தொலைத்தது இதில்தான். பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்க வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு மிஸ் வந்துகொண்டிருந்தார், திடீரென்று வருவது நின்றுவிட்டது. நாங்கள் கடிதம் எழுதி, கழக சீல் குத்தி, பிரதேச சபையில் கொடுத்தோம். மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஃபைலில் போட்டார்கள். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் "பார்க்கிறோம்" என்றார்கள். கடைசியில் அங்கே இருந்த ஒரு கிளார்க் அக்காதான் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த மிஸ்ஸுக்குச் சம்பளம் கொடுத்தது நாங்க இல்ல, செயலகம் பக்கம் போய்க் கேளுங்க." எட்டு மாதமாக அந்தக் கந்தோரில் ஒருவருக்கும் இதைச் சொல்லத் தோன்றவில்லை.

பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பெயர்தான் அண்ணன் தம்பி மாதிரி. சபை என்பது நாம் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்புகிற இடம், தலைமையில் தவிசாளர் இருப்பார். மைதானம், வேலி, மழைத்தண்ணி ஓடுகிற கான், உடை மாற்றுகிற அறை, கழகங்களுக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன உபகரணங்கள் எல்லாம் பெரும்பாலும் இதற்குள் வரும். டவுனில் இருப்பவர்களுக்கு இதே வேலையை நகர சபை அல்லது மாநகர சபை செய்யும். செயலகம் கொழும்பு அரசாங்கத்தின் கிளை. விளையாட்டு உத்தியோகத்தர் உட்காருவது அங்கேதான், கழகத்தைப் பதிவதும், பிரதேச மட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதும் அவரிடம்தான். 13 முதல் 29 வயது வரையான இளைஞர் கழகம் என்றால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம். இது போக மாகாணத்துக்கு ஒரு விளையாட்டுத் திணைக்களம் உண்டு, நுவரெலியாக்காரர்களுக்கு மத்திய மாகாணம், பதுளைக்காரர்களுக்கு ஊவா. மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது, அதனால் அந்தப் பக்கம் கேட்பதற்கு உறுப்பினர் என்று ஒருவர் கிடையாது, கடிதத்தை நேராக அதிகாரிக்கே எழுத வேண்டும்.

ஆகவே நின்றுபோனது என்ன என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பந்தா, பயிற்றுநரா, பஸ்ஸா, புல் வெட்டுவதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசியாகக் கொடுத்த கந்தோரின் பெயரையும் எழுதுங்கள். பழைய தலைவரிடம் கேட்டால் தெரியும், இல்லாவிட்டால் கழகத்தின் பழைய கடிதக் கட்டைப் பிரித்துப் பாருங்கள், எந்த சீல் குத்தியிருக்கிறதோ அதுதான் விடை.

சரி, கந்தோர் தெரிந்துவிட்டது. பிரதேச சபைதான் என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் தோட்டப் பக்கம் அதிகமாக அடிபடுவது அதுதான். இனி "ஒதுக்கீடு இல்லை" என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வாயால் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு யாரிடமும் போக முடியாது. இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஆனாலும் நம் ஆட்கள் இதை ஏதோ வக்கீல்மாருடைய ஆயுதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒன்றும் இல்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, பிரதி எடுக்கத்தான் சில ரூபாய். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. ஒவ்வொரு அரச கந்தோரிலும் தகவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் போய் வாயால் சொன்னால்கூட அதை எழுதிப் பதிவது அவருடைய வேலை.

கேள்வி நான்குக்கு மேல் வேண்டாம். கடந்த மூன்று வருஷமும் விளையாட்டுக்கும் மைதானத்துக்கும் ஒதுக்கிய தொகை வருஷவாரியாக எவ்வளவு? அதில் உண்மையில் செலவான தொகை எவ்வளவு? மிச்சத்தை வேறு தலைப்புக்கு மாற்றியிருந்தால் எந்தத் திகதி, எந்தத் தீர்மானப்படி மாற்றினீர்கள்? உபகரணம் பெற்ற கழகங்களின் பட்டியல் என்ன? இவ்வளவுதான். "எங்கள் தோட்டத்தை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள்" என்று அதில் எழுதாதீர்கள். அது கேள்வி இல்லை, கோபம். பதில் சொல்லாமல் தப்பிக்க அவர்களுக்கு வழியும் ஆகிவிடும்.

நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் பதிவுத் தபால். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். போயா, சனி, ஞாயிறை எல்லாம் கழித்து எண்ணுங்கள், நான் முதல் தடவை அவசரப்பட்டு முன்னாலேயே போய் நின்று அசடு வழிந்தேன். தகவல் நிறைய என்றால், காரணம் சொல்லி இன்னும் 21 நாள் எடுக்கலாம். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும், அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. பதில் வந்தது, ஆனால் சிங்களத்தில். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை, அதைக் கேட்டு ஒரு வரி எழுதிப் போடுங்கள், ஆனால் அது வரும்வரை சும்மா உட்காராமல் சிங்களம் தெரிந்த யாரிடமாவது கொடுத்து அன்றைக்கே வாசித்துவிடுங்கள்.

நாங்கள் வாசித்தபோது எல்லோருக்கும் வாய் அடைத்துப்போனது. காசு இருந்திருக்கிறது! விளையாட்டு உபகரணம் என்று ஒரு தலைப்பு, பக்கத்தில் ஒரு தொகை, அதற்குப் பக்கத்தில் செலவு: பூச்சியம். அடுத்த வருஷமும் பூச்சியம். மூன்றாவது வருஷம் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது, இடையில் இரண்டு வருஷத்துக்கு மேலாக உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்மார்தான் நடத்தினார்கள். கேட்கிறதற்கு உறுப்பினர் இல்லை, நாங்களும் எழுதிக் கேட்கவில்லை, செலவாகாத காசு தேவையில்லாத காசு என்று கணக்கில் விழுந்துவிட்டது. எல்லா இடத்திலும் இதே கதை என்று சொல்ல மாட்டேன். சில சபைகளில் உண்மையிலேயே காசு இல்லை. தோட்டங்கள் நிறைந்த சபைக்கு டவுன் மாதிரி கடையும் கட்டடமும் கிடையாது, ஆதன வரி வருமானம் சொற்பம், 2022 நெருக்கடியில் விலையெல்லாம் எகிறியது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை சரிந்து பாதையே போன இடங்கள் எத்தனை. பாலம் உடைந்த ஊரில் போய் பெவிலியன் கட்டித் தாருங்கள் என்று கேட்டால் நம்மை மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் தேவையில்லை.

அதனால்தான் கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள் என்கிறேன். "மைதான அபிவிருத்தி" என்று எழுதாதீர்கள், அந்தத் தலைப்பில் வந்த கடிதங்கள் அங்கே ஒரு மூட்டை கிடக்கும். எங்கள் கிரவுண்ட் தேயிலைக்கு நடுவில் வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு. ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், இன்னொரு பக்கம் கான், கீழே ஏழாம் நம்பர் தேயிலை மலை. பந்து அந்தப் பக்கம் உருண்டால் செடிக்குள் போய்விடும், பையன்கள் தேடி இறங்கினால் கொழுந்து மிதிபடுகிறது என்று கங்காணி சத்தம் போடுவார், நாலரை மணிக்கு மிஸ்ட் இறங்கிவிட்டால் அந்தப் பந்து அவ்வளவுதான். அப்படித் தொலைந்த பந்துகளை ஒரு வருஷம் எழுதிவைத்தோம், அதற்குப் பிறகுதான் எங்களுக்கே புரிந்தது, நமக்குத் தேவை பந்து இல்லை, அந்த ஒரு பக்கத்துக்கு உயரமான கம்பி வலை என்று. நீளத்தை அளந்து, மூன்று கடையில் விலை எழுதி வாங்கி, மூன்றையும் கடிதத்தோடு இணைத்தோம். ஒரு பக்கக் கடிதம். தொகை தெளிவாக இருக்கிறது, வேலை ஒரு வாரத்தில் முடியும். அதிகாரிக்கு வேண்டியது இதுதான், அவர் தன் மேலதிகாரிக்கும் கணக்காய்வுக்கும் பதில் சொல்லியாக வேண்டிய ஆள்.

வரவுப் பதிவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, வந்தவர்களின் பெயர், வயது, எந்த டிவிஷன். பெண் பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கள். பொலித்தீன் உறைக்குள் போட்டு வையுங்கள், எங்கள் முதல் கொப்பி ஜூன் மழையில் நனைந்து பாதிப் பெயர் நீலக் கறையாகிவிட்டது. "நிறையப் பிள்ளைகள் பயன்பெறுகிறார்கள்" என்று எழுதுவதைவிட அந்தக் கொப்பியின் நான்கு பக்கத்தைப் பிரதி எடுத்து இணைப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம் காணி. இதில் தடுக்கி விழுந்த கழகங்கள் ஏராளம். தோட்டத்துக் கிரவுண்ட் அனேகமாக சபைக்குச் சொந்தமில்லை, குத்தகைக்கு எடுத்த கம்பனியின் பொறுப்பில் இருக்கும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை செலவு செய்வதற்குப் பெரிய தடையாக இருந்தது, 2018இல் அதைத் திருத்தினார்கள். ஆனாலும் "அது எஸ்டேட் காணி, நாங்கள் கை வைக்க முடியாது" என்ற பழைய பதில் இன்னும் வரும். அந்தப் பதில் வருவதற்கு முன்பே தோட்ட நிர்வாகத்திடம் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். துரை வாயால் "செய்ங்கப்பா" என்று சொன்னது போதாது. துரை மாறுவார், புதியவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் மறித்துக் கேட்காமல் ஒஃபிஸுக்கு நேரம் கேட்டுப் போங்கள், வேலி வந்தால் கொழுந்து மிதிபடாது என்பதை முதலில் சொல்லுங்கள், அவருக்கும் அதில் லாபம் இருக்கிறது.

கடிதம் தயார் என்றால் காலத்தைப் பாருங்கள். சபையின் நிதி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம் ஆட்கள் ஜனவரியில் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தமாகும்போதுதான் கேட்கப் போவார்கள், அதற்குள் பட்ஜெட் எல்லாம் எழுதி முடிந்திருக்கும். ஆகஸ்ட், செப்டெம்பரில் கொடுங்கள். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் அறிவித்தல் வருகிறதா என்று ஒக்டோபரிலிருந்தே சபையின் அறிவித்தல் பலகையில் ஒரு கண் வையுங்கள், வைத்தால் போய்ப் பார்த்து உங்கள் வரி இருக்கிறதா என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினரைப் பிடிப்பதில் ஒரு தந்திரம். உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார், அவரோடு நிற்காதீர்கள். 2025 தேர்தலில் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, அப்படிப்பட்ட சபையில் பட்ஜெட்டை நிறைவேற்றத் தவிசாளருக்கு ஒவ்வொரு கையும் தேவை. ஆளும் பக்கம் ஒருவர், எதிர்ப் பக்கம் ஒருவர், இருவருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள், அதுவும் ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரிகிற மாதிரி. வலைப்பந்து மாதிரி விஷயம் என்றால் பெண் உறுப்பினர்களிடம் போங்கள், 25 வீத ஒதுக்கீட்டில் வந்தவர்கள் பெரும்பாலான சபைகளில் இருக்கிறார்கள், அவர்களிடம் இப்படி ஒரு கோரிக்கையோடு யாரும் போவதில்லை என்று எங்கள் பக்கத்து உறுப்பினர் அக்கா ஒருவரே சொன்னார். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், ஜெர்சியோடு. பேசுவது ஒருவர் மட்டும்.

இதற்கு நடுவில் யாராவது வந்து "நான் ஜெர்சி அடித்துத் தருகிறேன், என் படத்தைப் போட்டால் போதும்" என்பார். வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். நாங்கள் ஒரு தடவை வாங்கினோம். அடுத்த முறை சபைக்குப் போனபோது, "உங்களுக்குத்தான் உதவி கிடைக்கிறதே" என்று அந்தப் படத்தையே ஃபோனில் எடுத்துக் காட்டினார்கள்.

பட்ஜெட்டில் உங்கள் வரி ஏறிவிட்டாலும் பட்டாசு கொளுத்தாதீர்கள். ஒதுக்குவது வேறு, காசு வெளியே வருவது வேறு. எங்கள் வலைக்கு டிசம்பரில் தொகை ஏறியது, வேலை தொடங்கியது ஜூலையில், அதுவும் நாங்கள் மார்ச்சிலிருந்து மாதம் ஒரு கடிதம் போட்ட பிறகு. திட்டி எழுதவில்லை, "வேலை எந்தத் திகதியில் தொடங்கும் என்று அறியத் தரவும்" என்று ஒரே வரி, கீழே முந்தைய கடிதத்தின் திகதி. இப்போது ஏழாம் நம்பர் பக்கம் பந்து போவதில்லை, கானுக்குள்தான் போகிறது, அதற்கு ஒரு மூடி கேட்டு அடுத்த கடிதம் எழுதியாகிவிட்டது. ஒக்டோபர் வந்ததும் அதே நான்கு கேள்வியை, வருஷத்தை மட்டும் மாற்றி, மறுபடியும் தகவல் அதிகாரிக்குப் போடுவோம்.