ஓடுகிறவருக்கு ஹெர்னியா வந்தால்: செய்யக் கூடாத தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் முடிந்து குளிக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வலது பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்புக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு. வலி இல்லை. கட்டிலில் படுத்துத் தடவிப் பார்த்தேன், காணோம். சரி, ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன். படுத்தால் உள்ளே போவதும் எழுந்து நின்றால் வெளியே வருவதும்தான் ஹெர்னியாவின் அடையாளமே என்பது நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த நாலு மாதமும் நான் செய்த தவறுகளுக்கு ஊற்றுக்கண் ஒன்றுதான்: ஓட்டம் கற்றுக்கொடுத்த பழக்கங்கள். வலித்தால் பல்லைக் கடி. பலவீனமான இடத்தைப் பயிற்சியால் சரிசெய். பந்தயத் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடு. முட்டிவலி, கெண்டைக்கால் பிடிப்புக்கெல்லாம் ஓரளவு கைகொடுக்கிற இந்தப் புத்தி, ஹெர்னியா விஷயத்தில் காலை வாரிவிடும்.

பிளாங்க் போட்டால் ஓட்டை அடையாது

வயிற்றுச் சுவரின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் சுமார் 4 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாக ஒரு வழி இருக்கிறது. ஆண்களுக்கு விதைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. பிறப்பதற்கு முன் விதை கீழே இறங்கிய அந்தப் பாதை சிலருக்குச் சரியாக மூடாமல் இருந்துவிடும். வேறு சிலருக்கு வயதாக ஆக அந்த இடத்துச் சுவரே நைந்துபோகும். உள்ளே இருக்கிற கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ அதன் வழியே தலையை நீட்டுவதுதான் குடலிறக்கம். நம் ஊர்ப் பேச்சில் ஹிரண்யா. ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது, பெண்களில் 3 பேருக்கு. வலது பக்கம்தான் அதிகம்.

ஜட்டி போடாமல் விளையாடினால் குடல் இறங்கிவிடும் என்று சின்ன வயதில் மிரட்டப்படாத பையன் தமிழ்நாட்டில் இருக்க மாட்டான். பயில்வான்கள் லங்கோடு கட்டியதற்கும் இதே விளக்கத்தைத்தான் சொல்வார்கள். உள்ளாடை இறுக்கம் ஹெர்னியாவைத் தடுக்காது. ஓட்டமும் அதை உண்டாக்கியதாக நிரூபணம் இல்லை. ஆகவே "ஓடி ஓடித்தான் உனக்கு வந்தது" என்று வீட்டில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போங்கள், நம்பிவிடாதீர்கள்.

நான் செய்தது வேறு. 'கோர்', அதாவது வயிற்றையும் இடுப்பையும் தாங்கும் தசைகள், பலவீனமாகிவிட்டது என்று முடிவுகட்டி, தினமும் பிளாங்க், கிரஞ்ச், காலைத் தூக்கி இறக்குவது என்று வயிற்றுப் பயிற்சிகளில் மூன்று மாதம் உழைத்தேன். வேட்டியில் விழுந்த கிழிசலுக்குக் கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கினால் கிழிசல் கூடுமா? சுற்றியிருக்கிற தசை வலுவாகும், ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். பெரியவர்களுக்கு இது தானாக மூடுவதில்லை. போதாக்குறைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கி முக்கிக் கிரஞ்ச் செய்தபோதெல்லாம் அந்தப் புடைப்பை நானே வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். நெல்லிக்காய் எலுமிச்சையானது.

தொடை இடுக்கில் வலிப்பதெல்லாம் ஹெர்னியா அல்ல

இதற்கு நேர் எதிரான தவறும் ஓடுகிறவர்களிடம் உண்டு. புடைப்பே இல்லாமல் அந்த இடத்தில் வலி வந்தவுடன் ஹெர்னியா என்று முடிவுகட்டி அறுவை சிகிச்சைக்கு அலைவது.

அந்தச் சின்ன இடத்தில் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். உள்தொடைத் தசை நாண், இடுப்பை மடக்கும் தசை, இரண்டு இடுப்பெலும்பும் முன்னால் சேரும் மூட்டு, இடுப்பு மூட்டு. விளையாட்டு வீரர்களின் இடுக்கு வலிக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டிக் குழப்பியதால், 2014இல் கத்தாரின் தோஹாவில் மருத்துவர்கள் கூடி அதை எந்த அமைப்பிலிருந்து வருகிறதோ அதன்படி வகைப்படுத்தினார்கள். 'ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா' என்கிற பெயர் இன்னும் புழங்குகிறது. பெரும்பாலும் அதில் எதுவும் வெளியே பிதுங்குவதில்லை, தசையும் நாணும் படும் பாடுதான். அதற்கு முதல் மருந்து சரியான பயிற்சியும் பொறுமையும். அங்கே பிளாங்க் உதவலாம். நான் செய்தது தவறான நோய்க்குச் சரியான வைத்தியம்.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல். ஓட்டத் தூரத்தைச் சட்டென்று கூட்டியவர்களுக்கும், சாப்பாடு போதாமல் ஓடுகிற பெண்களுக்கும் வரக்கூடியது. இடுக்கில் ஆழமாக ஒரு வலி, ஓட ஓடக் கூடும், அந்தக் காலில் மட்டும் நொண்டியடித்தால் சுள்ளென்று பிடிக்கும். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாமலும் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் எலும்பு முழுதாக முறியும். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

அப்புறம் நெறி. காலில் புண்ணோ நகச்சுத்தியோ வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நெறி உருண்டையாகக் கையில் சிக்கும், தொட்டால் வலிக்கும், படுத்தாலும் அங்கேயே இருக்கும். ஹெர்னியா இருமினால் விரலை முட்டும்.

மருத்துவரைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: நிற்க வைத்து, இருமச் சொல்லி, தொட்டுப் பார்க்க வேண்டும். நான் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய்ப் படுத்து, எல்லாம் நார்மல் என்று ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு இன்னும் ஐந்து வாரம் ஓடினேன். படுத்தால் மறைகிற ஒன்றைப் படுக்க வைத்துத் தேடினால் சிறியவை தவறிப்போகும். நின்றும், முக்கச் சொல்லியும் ஸ்கேன் எடுக்க வேண்டும். தெளிவாகப் புடைப்பு இருந்தால் ஸ்கேனே பல நேரம் தேவையில்லை.

அவசரப்படுவதும் அலட்சியமும்

கண்டுபிடித்த மறுநாளே அறுத்துவிட வேண்டும் என்றில்லை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், அதிகத் தொந்தரவு இல்லாத ஹெர்னியா உள்ள சுமார் 720 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, இன்னொன்றுக்கு வெறும் கண்காணிப்பு என்று பார்த்தார்கள். காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமானது, ஆண்டுக்கு 1000 பேருக்குச் சுமார் 2 பேர் என்ற அளவில்தான். ஆனால் 10 ஆண்டுகளுக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பேர், பெரும்பாலும் வலி கூடியதால், அறுவை சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆக, ஒருநாள் செய்யத்தான் போகிறோம், தேதியை நாம் தேர்ந்தெடுக்கலாம். இந்த நிதானம் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குத் தொடைப் பக்கம் இறங்கும் வகை அதிகம், அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். அவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

காத்திருக்கும் காலத்தில் ஓடலாமா? வலி இல்லாமல், புடைப்பு எளிதாக உள்ளே போகிறது என்றால் பல மருத்துவர்கள் மெதுவான ஓட்டத்தைத் தடுப்பதில்லை. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ விழுங்கிவிட்டுச் சென்னை வெயிலில் வியர்த்துக் கொட்ட 20 கிலோமீட்டர் ஓடுவது சிறுநீரகத்துக்கே ஆபத்து. கூடவே, எச்சரிக்கை மணியின் வாயில் துணியை வைத்து அடைத்த மாதிரி. மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் ஹெர்னியா பெல்ட்டும் குணப்படுத்தாது. புடைப்பை உள்ளே தள்ளாமல் அதன் மேலேயே பெல்ட்டைக் கட்டி ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைக் கலக்குகிறது.

ஆண்டுக்கு ஆயிரத்தில் அந்த 2 பேரில் நீங்கள் ஒருவராக இருந்தால் எப்படித் தெரியும்? வழக்கமாக உள்ளே போகிற புடைப்பு அன்றைக்குப் போகாது. கல் மாதிரி இறுகும், வலி ஏறிக்கொண்டே போகும், மேல்தோல் சிவக்கலாம். வாந்தி வரும், வயிறு உப்பும், காற்றும் பிரியாது. இரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டி அமுக்காதீர்கள், சோடா குடித்துப் பார்க்காதீர்கள், காலை வரை பொறுக்காதீர்கள். எதுவும் சாப்பிடாமல் அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பந்தயத்தின் 15ஆவது கிலோமீட்டரில் இப்படி ஆனாலும் இதேதான். மெடல் அடுத்த வருடமும் கொடுப்பார்கள்.

காசு விஷயத்தில் ஒரு தவறு: நோய் தெரிந்த பிறகு காப்பீடு எடுக்க ஓடுவது. இந்தியாவில் தனிநபர் மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் ஹெர்னியாவுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. ஏற்கனவே இருக்கிற பாலிசியை எடுத்து, அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அறுவை சிகிச்சையை ஒட்டி

"லேசர் மூலம் ஹெர்னியா சிகிச்சை" என்று சுவரில் எழுதியிருப்பார்கள். ஹெர்னியாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட லேசர் சிகிச்சை என்று ஒன்று கிடையாது. சிறு துளைகள் வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியைத்தான் நம் ஆட்கள் லேசர் என்கிறார்கள். கேட்க வேண்டியவை வேறு: திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா? இதே முறையில் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? மறுபக்கமும் இருக்கிறதா? துளை முறையில் வலி சற்றுக் குறைவு, சீக்கிரம் எழுந்துவிடலாம், மறுபக்கத்தையும் அதே துளைகள் வழியாகச் சரிசெய்யலாம். ஆனால் கை பழகிய மருத்துவர் திறந்து செய்வது, பழகாதவர் துளை போடுவதைவிட மேல். எந்த முறையானாலும் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு மாதக்கணக்கில் வலி தங்கிவிடுகிறது. புடைப்பு இல்லாத வெறும் வலிக்குக் கத்தியை நாடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஆறு மாசம் குடம் தூக்காதே என்று என் பெரியப்பா சொன்னார். அவர் காலத்துக்கு அது சரியாக இருந்திருக்கும். 1880களில் இத்தாலியின் அறுவை மருத்துவர் பாசினி தொடங்கிவைத்த வழியில், தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் எப்போதும் இழுவிசையிலேயே இருக்கும். 1980களில் அமெரிக்காவின் லிக்டன்ஸ்டைன், இழுக்காமல் ஒரு வலையை வைத்து ஓட்டையை மூடும் முறையைப் பரப்பினார். வலை வந்தபிறகு நீண்ட ஓய்வுக்கு அவசியம் போய்விட்டது. உடம்பு ஒத்துழைத்தால் 3 முதல் 5 நாளிலேயே அன்றாட வேலைகளுக்குத் திரும்பலாம் என்கிறது 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டி.

சிறிய ஆய்வொன்றில் 20 ஆரோக்கியமான இளைஞர்களின் வயிற்றுக்குள் அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கும்போது சராசரியாக 20 மி.மீ. பாதரசம். இருமும்போது 100க்கு மேல். குதிக்கும்போது சுமார் 170. நாலைந்து கிலோ எடையைத் தூக்கியபோது பெரிதாக ஏறவில்லை. ஆகவே பால் பாக்கெட்டைத் தூக்கப் பயந்துகொண்டு, இருமலையும் மலச்சிக்கலையும் கண்டுகொள்ளாமல் விடுவது தலைகீழ்க் கணக்கு. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும். கொய்யாவும் கீரையும் இசப்கோலும் ஆபரேஷனுக்கு முதல் நாளே வீட்டில் இருக்கட்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். புகைப்பவர் அதை விட வேண்டிய நேரம் இதற்கு முன்பே.

மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது அடிவயிற்றிலிருந்து விதைப்பை வரை கத்தரிக்காய் நிறம். நடுங்கிப்போனேன். இரத்தக் கசிவு கீழே இறங்கியதுதான், தானாகப் போய்விட்டது. பழைய இடத்திலேயே மீண்டும் ஒரு வீக்கம் வந்தால், பெரும்பாலும் நீர் சேர்ந்திருக்கும். சில வாரத்தில் வடியும். மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களே ஊசி குத்தாதீர்கள். காய்ச்சல், சீழ், சிறுநீர் பிரியாமை இருந்தால் உடனே போக வேண்டும்.

திரும்ப ஓடுவதில்தான் என்னைப் போன்றவர்கள் கோட்டை விடுகிறோம். ஜனவரிச் சென்னை மாரத்தானை மனதில் வைத்து அக்டோபரில் ஆபரேஷன் செய்துகொண்டேன். வாரக் கணக்கை அட்டவணையாகப் போட்டு மருத்துவரிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பி வைத்துவிட்டு, "வலிக்காமல் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். துளை முறையில் செய்துகொண்ட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. திறந்து செய்தவர்களுக்கு இன்னும் ஓரிரு வாரம் கூடுதலாகலாம். முதல் நாள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் அரை மணி, சமதரையில். மேடும் வேக ஓட்டமும் கடைசியில். உள்ளே ஏதோ இழுக்கிற மாதிரி இருப்பது சில வாரம் சகஜம். அந்தப் பயத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடி, மறுபக்க இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன். நொண்டாமல் ஓட முடியாத நாளில் நடந்தால் போதும். ஜனவரிப் பந்தயத்தில் கடைசியில் நான் தண்ணீர் மேசையில் நின்று கப் நீட்டினேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிக்கும்போது இடது பக்கம் ஓர் உருண்டை தட்டுப்பட்டது. இந்த முறை பிளாங்கும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மறுநாள் காலை மருத்துவர் முன் நின்று இருமிக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னார். புது ஷூ கடித்துக் கட்டைவிரலில் சீழ் பிடித்திருந்தது. நெறி.