வெள்ளீய ஐசோடோப்பை வைத்துத் தாது படிந்த வரிசையைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் முறை செய்வோருக்கான செய்முறை

வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) 10 உண்டு. வேறு எந்தத் தனிமத்துக்கும் இத்தனை கிடையாது. மிக இலேசானது 112, மிகக் கனமானது 124. தாது ஆய்வில் 124-ஐயும் 116-ஐயும் ஒப்பிடுவது வசதி. எடை இடைவெளி 8 என்பதால் மாற்றம் பெரிதாகத் தெரியும்; இரண்டும் அளக்கப் போதுமான அளவிலும் இருக்கின்றன (116 சுமார் 14.5%, 124 சுமார் 5.8%).

கிரானைட்டுக் குழம்பு ஆறும்போது பிரியும் சூடான உப்புநீரில் வெள்ளீயம் பெரும்பாலும் 2+ நிலையில், குளோரைடாகக் கரைந்து நகர்கிறது. காசிட்டரைட்டாக (வெள்ளீயத்தின் முக்கியத் தாதுவான ஆக்சைடு) படியும்போது 4+ நிலைக்கு மாறி ஆக்சிஜனோடு இறுகப் பிணைகிறது. இறுக்கமான பிணைப்பில் கனமான ஐசோடோப்பு சற்றே கூடுதலாகச் சேரும். அதனால் முதலில் படிந்த காசிட்டரைட்டு கனமாகவும், மிஞ்சிய நீரும் அதிலிருந்து பின்னால் படிந்ததும் இலேசாகவும் இருக்கும். நாம் தேடுவது இந்த வரிசையைத்தான்.

படி 1: மாதிரி எடுப்பது

முழு வேலையின் தரமும் இங்கேதான் தீர்மானமாகிறது. விலையுயர்ந்த கருவி இருந்தும் பொருளற்ற எண்கள் வருவது பெரும்பாலும் மாதிரியைக் கண்மூடி இடித்துப் பொடியாக்குவதால்தான்.

மதுரையைச் சுற்றி வெள்ளீயப் படிவு இல்லை. யானைமலை, மேலூர்ப் பக்கத்துப் பாறைகள் உயர்ந்த வெப்பத்தில் உருமாறிய நைஸ், சார்னோக்கைட்டு வகையைச் சேர்ந்தவை. இந்தியாவில் வெள்ளீயத்துக்குப் பேர்போனது சத்தீஸ்கரின் பஸ்தர்ப் பகுதி; அங்கே லெபிடோலைட்டு (லித்தியம் மைக்கா) உள்ள பெக்மடைட்டுகளில் (பெரும் படிகங்கள் கொண்ட கிரானைட்டு வகைப் பாறை) காசிட்டரைட்டு கிடைக்கிறது. ஆகவே மதுரைப் பக்கத்து மாணவர்கள் கல்லூரிப் புவியியல் துறைச் சேகரிப்பில் பஸ்தர் மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடுத்த இடம், நரம்பின் (பாறை வெடிப்பில் படிந்த தாதுப் பட்டையின்) பெயர், எது எதை வெட்டிச் செல்கிறது என்ற குறிப்பு மூன்றும் இல்லாத கல்லை ஐசோடோப்பு வேலைக்கு எடுக்காதீர்கள்.

கல்லை அறுத்து, வழவழப்பாகத் தேய்த்து, கைலென்சில் பாருங்கள். நரம்பின் சுவரை ஒட்டியிருப்பது பொதுவாக முந்தியது. நடுவில் இருப்பது பிந்தியது. ஒவ்வொரு தலைமுறை மணிகளையும் தனித்தனி உறையில், தனி எண்ணோடு வையுங்கள். பிளாஸ்டிக் இடுக்கி நல்லது. வெள்ளீயப் பூச்சுள்ள டப்பாவும் பற்றவைப்பு ஈயமும் அருகில் வேண்டாம்.

பாத்திரக் கடையில் ரசத்துக்கென்று விற்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தானே, அதை அளந்தால் தாதுவைப் பற்றித் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. உருக்கும்போது ஆவியாகவும் கசடாகவும் போகும் பங்கு ஐசோடோப்பு விகிதத்தை மாற்றிவிடும். பல ஊர் உலோகம் கலந்தும் இருக்கும்.

படி 2: காசிட்டரைட்டுதானா என்று உறுதிசெய்வது

அடர்த்தி 6.8 முதல் 7.1 வரை. கார்னெட்டு 4-ஐ ஒட்டியும், சிர்கான் 4.6-ஐ ஒட்டியும், இல்மனைட்டு 4.7-ஐ ஒட்டியும் இருக்கும். கைப்பழக்கத்துக்கு வைகை மணல் போதும். அனுமதி பெற்று ஒரு கிலோ வாங்கி, அகலமான தட்டில் நீரோடு, அரிசியில் கல் அரிப்பது போல, தட்டை ஆட்டி ஆட்டி அரியுங்கள். கருமணல் அடியில் தங்கும். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே காட்டினால் மாக்னடைட்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மிச்சத்தில் கார்னெட்டையும் இல்மனைட்டையும் பிரித்தறியப் பழகிய கண்ணுக்குக் காசிட்டரைட்டின் வைரம் போன்ற மினுக்கம் உடனே வேறுபட்டுத் தெரியும்.

பிறகு துத்தநாகச் சோதனை. கண்ணாடித் தட்டில் துத்தநாகத் துண்டை வைத்து, ஐயப்படும் மணி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி போட்டு, 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மூழ்க வையுங்கள். சில நிமிடங்களில் மணிமேல் சாம்பல் நிறப் படலம் வரும். துணியில் தேய்த்தால் பளபளக்கும். அது உலோக வெள்ளீயம். படலம் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: மணி துத்தநாகத்தைத் தொடாமல் இருக்கலாம், மணிமேல் இரும்புத் துரு மூடியிருக்கலாம். ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பக்கத்தில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சோதித்த மணியின் மேற்பரப்பு மாறிவிட்டது. ஐசோடோப்பு அளவீட்டுக்கு அதே உறையிலிருந்து வேறு மணியை அனுப்புங்கள்.

படி 3: ஆய்வகத்தில் நடப்பது

இதை வீட்டிலோ கல்லூரிச் சாதாரண ஆய்வகத்திலோ செய்ய முயலாதீர்கள். காசிட்டரைட்டு வழக்கமான அமிலங்களில் கரையாது. பொட்டாசியம் சயனைடோடு 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உலோகமாக ஒடுக்குவது ஒரு வழி. ஹைட்ரயோடிக் அமிலத்தில் மூடிய கலத்தில் சூடாக்குவது இன்னொரு வழி. சயனைடு அமிலத்தைத் தொட்டால் உயிரைப் பறிக்கும் வாயு வரும்.

நீங்கள் ஆய்வகத்தைக் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. வெள்ளீயம் முழுக்க மீண்டதா? குளோரைடு கரைசலைச் சூடாக்கி வற்றவைத்தால், 114 டிகிரியிலேயே கொதிக்கும் டெட்ராகுளோரைடு ஆவியாகிப் போகும். அதோடு விகிதமும் மாறும். அயனிப் பரிமாற்றத் தூணில் (வெள்ளீயத்தைப் பிற தனிமங்களிலிருந்து பிரிக்கும் பிசின் குழாய்) ஒரு பங்கு நின்றுபோனாலும் அதே கேடு. தூணில் ஊற்றும் முன்பே இரட்டை ஐசோடோப்புக் கலவை (விகிதம் முன்பே தெரிந்த இரு வெள்ளீய ஐசோடோப்புகள்) சேர்த்திருந்தால் இதைத் திருத்தலாம். அடுத்து, 116-இல் காட்மியமும், 120, 122, 124-இல் டெல்லூரியமும், 124-இல் கருவிக்கு ஊட்டும் ஆர்கான் வாயுவோடு வரும் செனானும் அதே எடையில் குறுக்கிடும். இவற்றைக் கண்காணித்தார்களா? ஒப்பீட்டுக்கு என்.ஐ.எஸ்.டி. (அமெரிக்கத் தர நிறுவனம்) 3161ஏ வெள்ளீயத் தரக் கரைசலைப் பயன்படுத்தினார்களா?

எண்கள் கைக்கு வந்ததும் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். 124/116 டெல்டாவை (தரக் கரைசலின் விகிதத்திலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்; கணக்கு படி 4-இல்) கிடையச்சிலும் 122/116 டெல்டாவைச் செங்குத்தச்சிலும் வரையுங்கள். புள்ளிகள் சுமார் 0.76 சாய்வுள்ள கோட்டில் விழ வேண்டும். விலகி நிற்கும் புள்ளியில் குறுக்கீடு இருக்கிறது. அதற்குப் புவியியல் விளக்கம் தேடாதீர்கள்.

படி 4: விரிதாளில் கணக்கு

டெல்டா என்பது மாதிரியின் விகிதத்தைத் தரக் கரைசலின் விகிதத்தால் வகுத்து, 1 கழித்து, 1000-ஆல் பெருக்கியது. இனி ஒரு பயிற்சி. நீரின் தொடக்க டெல்டா 0 என்றும், காசிட்டரைட்டு நீரைவிட 0.5‰ (‰ என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமாகப் படிகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (பயிற்சிக்காக எடுத்த மதிப்பு, உண்மையில் வெப்பத்தைப் பொறுத்து மாறும்).

முதல் நெடுவரிசையில் நீரில் மீந்த வெள்ளீயத்தின் பங்கு: 0.9, 0.5, 0.1. இரண்டாவதில் நீரின் டெல்டா: (மீதியின் 0.0005 அடுக்கு − 1) × 1000. மூன்றாவதில் அந்நேரம் படியும் காசிட்டரைட்டு: 1.0005 × (1000 + நீரின் டெல்டா) − 1000. நான்காவதில் அதுவரை படிந்த மொத்தத்தின் சராசரி: −(மீதி × நீரின் டெல்டா) ÷ (1 − மீதி).

மீதி 0.9: நீர் −0.053, காசிட்டரைட்டு +0.447, சராசரி +0.474
மீதி 0.5: நீர் −0.347, காசிட்டரைட்டு +0.153, சராசரி +0.347
மீதி 0.1: நீர் −1.151, காசிட்டரைட்டு −0.651, சராசரி +0.128

மூன்றாம் நெடுவரிசை 1‰-க்கு மேல் சரிகிறது. நான்காவது அதில் மூன்றில் ஒரு பங்குதான் நகர்கிறது. முழு நரம்பையும் இடித்துக் கலந்தால் உங்களுக்குக் கிடைப்பது நான்காம் நெடுவரிசை. முதல் படியில் தனித்தனி உறை கேட்டதற்குக் காரணம் இதுதான்.

படி 5: எண்ணைப் படிப்பது

சுவரிலிருந்து நடுவுக்கு டெல்டா சீராகக் குறைந்தால், மூடிய ஒரே நீர்த்தொகுதி படிப்படியாகத் தீர்ந்தது என்று சொல்ல இடமுண்டு. நடுவில் திடீரென்று உயர்ந்தால் புது நீர் வந்திருக்கலாம். அதே இடத்தில் கனிமக் கூட்டம் மாறுகிறதா என்று மெல்லிய பாறைச் சீவலில் நுண்ணோக்கி வழியே பாருங்கள். ஸ்டானைட்டு (கந்தகம் சேர்ந்த வெள்ளீயத் தாது) இருந்தால் தனியாக அளக்கச் சொல்லுங்கள். அது பொதுவாகக் காசிட்டரைட்டைவிட இலேசு. பிந்திப் படிந்ததாலும் இருக்கலாம், கந்தகப் பிணைப்பு ஆக்சிஜன் பிணைப்பைவிடத் தளர்ந்தது என்பதாலும் இருக்கலாம். ஒற்றை எண் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்ததில் வரும் சிதறலைவிடச் சிறிய வேறுபாட்டுக்கு விளக்கம் எழுதாதீர்கள். வேறொருவரின் எண்ணோடு ஒப்பிடும் முன் எந்த ஜோடி என்று பாருங்கள். 124/116-இல் 0.8‰ என்பதும் 122/118-இல் 0.4‰ என்பதும் ஏறக்குறைய ஒரே மாற்றம்தான். எடை இடைவெளியால் வகுத்து, ஓர் அலகுக்கு 0.1‰ என்று மாற்றிக்கொண்டு பிறகு ஒரே வரைபடத்தில் இடுங்கள்.