பழைய செய்தித்தாள்களில் ஸ்வீடனைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஸ்வீடன் பற்றி எழுதும் இளைஞர்கள் தங்கள் வரைவுகளை என்னிடம் பார்க்கக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகள் அவற்றிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. தேதி, பெயர்க் குழப்பமெல்லாம் ஒருமுறை சொன்னால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நார்வேயையும் சேர்த்து எண்ணுவது

1905 வரை இரு நாடுகளுக்கும் ஒரே அரசர், ஆனால் நாடாளுமன்றங்கள் வேறு. நாடக ஆசிரியர் இப்சன் நார்வேக்காரர், ஸ்வீடன்காரர் அல்ல.

1909 ஆகஸ்ட் தாள்களை அப்படியே நம்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். அண்மையில் வந்த ஒரு வரைவில், "ஆகஸ்ட் மாதம் நாடு அமைதியாக இருந்தது, வேலைநிறுத்தம் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது" என்று இருந்தது. ஆதாரம் என்ன என்றேன். செய்தித்தாள்கள் மெலிந்துவிட்டன, செய்தியும் குறைந்துவிட்டது என்றார்.

தாள்கள் மெலிந்ததே வேலைநிறுத்தத்தால்தான்! கூலிக்குறைப்பும் முதலாளிகளின் கதவடைப்பும் முற்றிப்போய், ஆகஸ்ட் 4 அன்று பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ 3,00,000 பேர் வேலையை விட்டார்கள். ஆகஸ்ட் 9 அன்று அச்சுத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதோடு பெரிய தாள்கள் சுருங்கின. தொழிலாளர் தரப்பு நாளேடான 'சோசியல் டெமக்ராட்டன்' கூட வரவில்லை. அந்த இடத்தில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 'ஸ்வாரெட்' என்ற போராட்டத் தாளை வெளியிட்டது. அந்த மாதத்தைப் பற்றி எழுதுகிறவர் அதைத் தேடிப் படிக்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

தெருக்கள் அமைதியாக இருந்தது உண்மைதான். அதற்கும் காரணம் உண்டு. நோயாளிகள், கால்நடைகள், குடிநீர், விளக்கு தொடர்பான வேலைகளுக்குத் தொழிற்சங்கமே விலக்கு அளித்தது. அரசு மது விற்பனையை நிறுத்தியது. இந்தக் கட்டுப்பாட்டை 'ஒன்றும் நடக்கவில்லை' என்று படித்தால், தோற்றுப்போன அத்தனை தொழிலாளர்களையும் வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறோம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கூட்டமைப்பு தன் உறுப்பினர்களில் பாதிப்பேரை இழந்தது. பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

1906-ஐ மறந்து தேடுவது

அந்த ஆண்டு ஸ்வீடிஷ் மொழியின் எழுத்துக்கூட்டல் சீர்திருத்தம் பள்ளிகளுக்கு வந்தது. எல்லாத் தாள்களும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பழைய எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

அமெரிக்க ஸ்வீடிஷ் தாள்களே போதும் என்று நினைப்பது

சிகாகோ, மினியாபொலிஸ் தாள்கள் படிக்க எளிதாகக் கிடைக்கும், சுவையாகவும் இருக்கும். மாகாணவாரியாகச் சொந்த ஊரின் சாவு, தீ விபத்து, விளைச்சல் எல்லாம் போடுவார்கள். ஆனால் அவை ஊரை விட்டு வந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. 1880களில் கிளம்பியவருக்கு, தான் விட்டு வந்த ஊர்தான் ஸ்வீடன். அப்புறம் அங்கே வளர்ந்த ஆலைகளும் சங்கங்களும் அவர் நினைவில் இருக்காது.

அதனால் இந்தத் தாள்களோடு, 1907 முதல் 1913 வரை நடந்த ஸ்வீடன் அரசின் குடியேற்ற விசாரணையையும் வைத்துப் படியுங்கள். ஏன் நாட்டை விட்டீர்கள் என்று குடியேறியவர்களிடமே கேட்டு, அவர்களுடைய கடிதங்களை அதில் அச்சிட்டார்கள். நிலம் இல்லை, வாக்கு இல்லை, கட்டாய ராணுவச் சேவை, மேல்தட்டினரின் அலட்சியம் என்று அவர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.