பழைய எஸ்எம்பிஎஸ்ஸைப் புது போர்டில் மாட்டுவதற்கு முன்

போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் புதுசு. கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினியின் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பழையதே போதும் என்று வருகிறவர்கள் நிறைய. அதில் தப்பில்லை, நல்ல எஸ்எம்பிஎஸ் பத்து வருடம்கூட உழைக்கும். ஆனால் புதிதாக அசெம்பிள் செய்கிறவர்கள் பிளக் பொருந்துகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பதோடு சோதனையை முடித்துவிடுகிறார்கள். தூசி தட்டுவது, 24 பின் பிளக்கை அழுத்திச் செருகுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றைத் தாண்டி நடக்கும் தவறுகள்தான் இவை.

வாட் எண்ணை மட்டும் படிப்பது

450 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நீங்கள் தேட வேண்டியது லேபிளில் உள்ள 12 வோல்ட் கட்டத்தை. இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் இழுக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 192 வாட், அவ்வளவுதான். 12 வோல்ட்டுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தால் அவற்றைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். சேர்த்து எத்தனை வாட் தரும் என்று கீழே தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

ஃபேன் சுற்றினால் போதும் என்பது

பச்சை ஒயரையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும். உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கேம் ஓடும்போது காலி மோலெக்ஸ் பிளக்கின் (பழைய டிஸ்க்குகளுக்கான நாலு பின் பிளக்) மஞ்சளிலும் கறுப்பிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஓரங்கட்ட வேண்டியதுதான்.

வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைச் செருகுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் கேபிள்களைக் கழற்றி மாட்டலாம். பழையது கைமாறும்போது கேபிள் பை எங்காவது தொலைந்திருக்கும். வேறொன்றின் கேபிளை எடுத்துச் செருகினால் கச்சிதமாக உட்காரும். வில்லங்கமே அங்கேதான். போர்டு பக்கத்து முனைக்கும் டிஸ்க் பக்கத்து முனைக்கும்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது தயாரிப்பவர் இஷ்டம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும்.

ஒரு கல்லூரிப் பையன் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எஸ்எம்பிஎஸ் அத்தை மகன் கொடுத்தது, டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் சாட்டா கேபிள் நண்பனுடையது. “ரெண்டும் ஒரே கம்பெனிண்ணே, கரெக்டா உட்கார்ந்துச்சு” என்றான். போர்டு ஓடியது, ஆனால் பயாஸில் ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை. கேபிளை மீட்டரில் பிடித்தால், 5 வர வேண்டிய இடத்தில் 12. எஸ்எஸ்டி போனது போனதுதான். ஹார்டு டிஸ்க்கின் சர்க்யூட் பலகையில், பவர் பிளக்கை ஒட்டி, உளுந்து அளவில் ஒரு கறுப்பு டையோடு இருந்தது. வோல்ட் எகிறினால் தானே ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பதற்காக வைத்தது. அதை எடுத்ததும் டிஸ்க் சுற்றியது. அவன் அக்கா கல்யாணப் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம். காவல் இல்லாத டிஸ்க்கை அதற்கப்புறம் நம்ப முடியாது. எல்லா டிஸ்க்கிலும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

‘எதற்கும் பொருந்தும்’ என்று மாடல் பெயரே இல்லாமல் மாடுலர் கேபிள் விற்கிறார்களே, கோபம் அவர்கள்மேல்தான். சந்தேகம் இருந்தால், மறுமுனையில் எதையும் மாட்டாமல் எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்து அளந்துவிடுங்கள். சாட்டா முனையின் 15 பின்களில் 3.3, 5, 12 வோல்ட் மும்மூன்று பின்களில் வரும். 5 வோல்ட் நடு மூன்றில்.

இது நேற்று வந்த தொல்லையும் இல்லை. 1990களின் கடைசியில் டெல் தன் கணினிகள் சிலவற்றில், பொதுத் தரமான ஏடிஎக்ஸ் பிளக் போலவே இருக்கும் 20 பின் பிளக்கில் ஒயர்களை வேறு வரிசையில் கொடுத்திருந்தது. அதில் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைப் போட்டால் போர்டே போய்விடும்.

மோலெக்ஸிலிருந்து கன்வெர்ட்டர்

கிராபிக்ஸ் கார்டின் 8 பின் பிளக்கில் 150 வாட் வரை போகும். எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தப் பிளக்கே இல்லையென்றால் அந்த லோடுக்கு அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். மோலெக்ஸை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

சும்மா இருக்கும்போது அணைந்தால் விண்டோஸைத் திட்டுவது

2013இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் பிராசஸர்கள் ஓய்வில் 12 வோல்ட்டில் 0.05 ஆம்பியர் வரை இறங்கும். அவ்வளவு குறைந்த லோடில் சில பழைய எஸ்எம்பிஎஸ்கள் தாமே அணைந்துவிடும். பயாஸில் சி6, சி7 என்ற பிராசஸரின் ஆழ்ந்த ஓய்வு நிலைகளை நிறுத்திப் பாருங்கள்.

பின்பக்கச் சிவப்பு சுவிட்ச்

நம் ஊர் கரண்ட்டுக்கு அது 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து ஆன் செய்தால் வெடிக்கும்.

திறந்து பார்ப்பது

வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கரண்ட்டைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று ஜாலி வழியாக டார்ச் அடித்தே பார்த்துவிடலாம்.