தினமும் காய்கறியும் பழமும் சாப்பிடப் பழகுவது எப்படி? தொடங்குபவர்களுக்கான செய்முறை

காய்கறி நல்லது, பழம் நல்லது என்பது தெரியாதவர் யாருமில்லை. அப்படியிருந்தும் வாரக் கடைசியில் ஃப்ரிட்ஜின் அடித்தட்டைத் திறந்தால் வதங்கிய கேரட்டும் கொழகொழத்துப்போன கீரையும்தான் கிடக்கின்றன. சோம்பல்தான் காரணம் என்று பலரும் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. பசி வந்த பிறகு காயைக் கழுவி, தோல் சீவி, நறுக்கி, வேகவைக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் சாப்பிடுவோம். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே ஒரே வேலையைச் சுற்றித்தான் வருகின்றன: பசி வருமுன்பே காயையும் பழத்தையும் தயாராக வைத்துவிடுவது.

படி 1: மூன்று நாள் கணக்கெடுங்கள்

எதையும் மாற்றாமல், மூன்று நாளுக்கு நீங்கள் சாப்பிடும் காய்களையும் பழங்களையும் மட்டும் குறித்து வையுங்கள். அதில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருக்கட்டும். வேலை நாளும் விடுமுறை நாளும் ஒன்றுபோல இருப்பதில்லை.

பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் காயும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 2 முதல் 5 வயது வரை 250 கிராம், 6 முதல் 9 வயது வரை 350 கிராம். 400 கிராமை 80 கிராம் வீதம் ஐந்து பங்காகப் பிரித்துக்கொண்டால் கணக்கு எளிது. தராசு இல்லாமலேயே ஒரு பங்கை இப்படி மதிப்பிடலாம்:

- வேகவைத்த காய்: குவித்து எடுத்த 3 மேசைக்கரண்டி
- வேகவைத்த கீரை: குவித்து எடுத்த 4 மேசைக்கரண்டி
- தக்காளி: நடுத்தர அளவில் ஒன்று
- வெள்ளரிக்காய்: 5 செ.மீ. நீளத் துண்டு
- வாழைப்பழம், ஆரஞ்சு, ஆப்பிள்: நடுத்தர அளவில் ஒன்று
- திராட்சை: ஒரு கைப்பிடி
- உலர்பழம்: 30 கிராம் போதும், தண்ணீர் வற்றியிருப்பதால்

உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி மூன்றும் இந்தக் கணக்கில் சேராது. அவை கெட்டவை என்று அர்த்தமில்லை. மாவுச்சத்து மிகுந்தவை என்பதால் தட்டில் சாதம், ரொட்டி இருக்கும் பக்கத்தில் அவற்றைச் சேர்க்கிறார்கள். கணக்கெடுக்கும்போது பலர் சறுக்கும் இடம் இதுதான். மூன்று பங்கு சாப்பிடுவதாக நினைத்திருப்போம், உருளைக்கிழங்கைக் கழித்துப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சும்.

படி 2: ஒரு வேளை, ஒரு பங்கு

இப்போது ஒன்றரைப் பங்கு சாப்பிடுகிறீர்கள் என்றால் நாளையே ஐந்துக்குத் தாவாதீர்கள். நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும், வாயு பிரியும். பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதிய அளவுக்குப் பழகச் சில வாரம் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு பங்கு வீதம் கூட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். தண்ணீர் போதாமல் நார்ச்சத்தை மட்டும் ஏற்றினால் மலச்சிக்கல் வரும். அதைத் தீர்க்கத்தானே பலர் காய்கறிப் பக்கமே வருகிறார்கள்!

புதிய பங்கை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். “தினமும் பழம் சாப்பிடுவேன்” என்ற தீர்மானம் நிற்காது. “காலைத் தேநீர் குடித்து முடித்ததும் ஒரு வாழைப்பழம்” என்றால் நிற்கும், தேநீரே நினைவூட்டிவிடும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற நடுமதிப்பாக 66 நாள் ஆனது, அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவாகவும் மீதிப் பேருக்கு அதைவிட அதிகமாகவும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரியது: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி 22-ஆம் நாள் மனம் தளர வேண்டாம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பழக்கம் பெரிதாகப் பின்னடையவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

படி 3: கெடும் வரிசையில் வாங்குங்கள், அதே வரிசையில் சாப்பிடுங்கள்

ஒருவர் முழு அளவை எட்டிய பிறகு வாரத்துக்கு 2.8 கிலோ வேண்டும். தோல், காம்பு, கொட்டை போவதையும் சேர்த்து மூன்றரைக் கிலோ வரை வாங்கலாம். தொடக்கத்தில் அதில் பாதி போதும். ஆர்வத்தில் அள்ளி வாங்கி, அழுகிப்போய்த் தூக்கி எறிந்தால் அடுத்த வாரம் வாங்கவே கை வராது.

பையில் மூன்று வகையும் இருக்கட்டும். கீரை, காளான் போன்றவை இரண்டு மூன்று நாளுக்குள் தீர வேண்டியவை. பீன்ஸ், வெள்ளரி, குடைமிளகாய், காலிஃபிளவர் நாலைந்து நாள் தாங்கும். கேரட், முட்டைகோஸ், பீட்ரூட் ஒரு வாரத்தைத் தாண்டியும் நிற்கும். முழுப் பூசணி வெளியிலேயே வாரக்கணக்கில் இருக்கும். வாரத்தின் முதல் நாளிலேயே கேரட்டை எடுத்துச் சமைப்பவர் வீட்டில்தான் கீரை அழுகுகிறது.

படி 4: சேமிப்பு

பல காய்கள் சீக்கிரம் கெடுவது பழைமையால் அல்ல, தவறான அண்டைவீட்டாரால். ஆப்பிள், பழுத்த வாழை, தக்காளி, பப்பாளி, மாம்பழம் ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அந்த வாயு பட்டால் கீரை மஞ்சளாகும், வெள்ளரி சீக்கிரம் தளரும், கேரட் கசக்கும். கேரட் ஏன் கசக்கிறது என்று விதையையும் மண்ணையும் குறை சொல்வார்கள். ஃப்ரிட்ஜில் அதே தட்டில் இருக்கும் ஆப்பிளை யாரும் சந்தேகப்படுவதில்லை. இரண்டையும் தனித்தனித் தட்டில் வையுங்கள். இதே வாயுவை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: காயாக இருக்கும் பழத்தை ஒரு காகிதப் பையில் பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு மடித்து வைத்தால் சீக்கிரம் பழுக்கும்.

தக்காளியை நன்கு பழுக்கும்வரை வெளியில் வையுங்கள். குளிரில் அதன் மணம் போய்விடும், சதையும் மாவுபோல் ஆகும். வாழைப்பழத்தின் தோல் ஃப்ரிட்ஜில் கறுக்கும். உள்ளே சதை நன்றாகவே இருக்கும், ஆனால் பார்த்ததும் யாரும் எடுக்க மாட்டார்கள். வெள்ளரிக்கும் கடுங்குளிர் ஆகாது, பல நாள் விட்டால் நீர் கோத்துக் குழைந்துபோகும்.

கீரைக்கு எதிரி ஈரம். ஆய்ந்து, பழுத்த இலைகளைத் தள்ளிவிட்டு, கழுவாமல் உலர்ந்த துணியில் அல்லது காகிதத்தில் சுற்றி டப்பாவில் வைத்தால், பிளாஸ்டிக் பையில் முடிச்சுப்போட்டு வைத்ததைவிட அதிக நாள் நிற்கும். கேரட், முள்ளங்கி இலையோடு வந்தால் இலையை உடனே நறுக்கிவிடுங்கள். இலை கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

படி 5: ஒரே மூச்சில் தயாரிப்பு

வாரத்தில் இரண்டு முறை, முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஏழு நாளுக்கு நறுக்கி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. நறுக்கிய பரப்பில் வைட்டமின் சி குறையும், நாலாம் நாள் வாடை வரும். மூன்று நாளுக்கானதை மட்டும் நறுக்குங்கள்.

ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், காயின் நுண்துளைகளில் அவை தங்கிவிடும். தர்பூசணி, முலாம்பழம் போன்ற தோல் சாப்பிடாத பழங்களையும் கழுவிய பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். வெட்டிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

நறுக்கியதைக் கண்ணாடி அல்லது உள்ளே தெரியும் டப்பாவில் போட்டு, கண் மட்டத்துத் தட்டில் வையுங்கள். காய்கறிக்கென்று அடியில் ஓர் இழுப்பறை கொடுத்தவர்கள் ஈரப்பதத்தை யோசித்தார்கள், மனிதக் கண்ணை யோசிக்கவில்லை. முழுக் காய் கீழே இருக்கட்டும், நறுக்கியது மேலே வரட்டும்.

படி 6: சுவையாகச் சமைப்பது

இங்கேதான் பழக்கம் நிலைப்பதும் உடைவதும். நசநசவென்று வெந்த காயை மனவுறுதியால் எத்தனை நாள் விழுங்க முடியும்?

இரண்டு பேருக்கான அடிப்படை முறை: பீன்ஸ், கேரட், காலிஃபிளவர் எதுவானாலும் 200 கிராமை ஒரே அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். அளவு மாறினால் சிறியது குழையும்போது பெரியது வேகாமல் இருக்கும். வாய் அகன்ற வாணலியைச் சூடாக்கி, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, காயை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இரண்டு நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் கிளறி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடுங்கள். மூன்று நிமிடம் கழித்துத் திறந்து, நீர் வற்றியதும் உப்புப் போட்டு இறக்குங்கள். கடித்தால் மெல்லிய நறுக்கென்ற பதம் இருக்க வேண்டும். கேரட்டைத் தடிமனாக நறுக்கியிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் கொடுக்கலாம்.

எங்கே கெடுகிறது? வாணலியில் குவித்துப் போட்டால் காயிலிருந்து வரும் நீர் ஆவியாக வழியில்லாமல் காய் வதங்குவதற்குப் பதில் அவியும். தொடக்கத்திலேயே உப்புப் போட்டால் அது நீரை இழுத்து அதே நிலைக்குக் கொண்டுவரும். பச்சைக் காய்மேல் அடுப்பிலிருக்கும்போதே எலுமிச்சை பிழிந்தால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும், அதனால் இறக்கிய பிறகு பிழியுங்கள். முட்டைகோஸும் காலிஃபிளவரும் அதிக நேரம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும். சிறுவயதில் அந்த வாடையால் இவற்றை ஒதுக்கியவர்கள் ஐந்து நிமிடத்தில் இறக்கியதை ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கட்டும். கீரை சுருங்கிய பிறகே உப்பு; முன்பே போட்டால் குவியலைப் பார்த்துக் கை தாராளமாகிவிடும்.

சத்துக்காக ஒன்றிரண்டு கவனம் போதும். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். அதனால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டாதீர்கள். கேரட், பூசணி, கீரையில் உள்ள கரோட்டின் (உடல் இதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்) உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும் என்பதால் எண்ணெயே இல்லாமல் சாப்பிடுவது புத்திசாலித்தனமல்ல. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோப்பீன் சமைத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து சேர, அதே வேளையில் எலுமிச்சையோ ஆரஞ்சோ கொய்யாவோ இருந்தால் நல்லது.

படி 7: பழத்தைப் பழமாகவே

ஒரு தம்ளர் சாறு பிழிய மூன்று ஆரஞ்சு வேண்டும். சாறாக அரை நிமிடத்தில் போய்விடும், நார்ச்சத்து சக்கையோடு போய்விடும், சர்க்கரை மட்டும் அப்படியே வயிற்றுக்கு வரும். மூன்று ஆரஞ்சை உரித்துச் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றும். சாறுதான் பிடிக்கும் என்றால் சர்க்கரை சேர்க்காமல் நாளுக்கு 150 மி.லி.யோடு நிறுத்தி, அதை ஒரு பங்காக மட்டும் எண்ணுங்கள். ஐந்தில் இரண்டு பழம், மூன்று காய் என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை; விட்டால் எல்லோரும் பழத்திலேயே கணக்கை முடித்துவிடுவார்கள்.

குழந்தைகள் மறுத்தால்

ஒருமுறை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு புதிய காயை ஏற்றுக்கொள்ளச் சில குழந்தைகளுக்குப் பத்து, பதினைந்து முறை கூடப் பார்த்துச் சுவைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டி போதும், வற்புறுத்தல் வேண்டாம். “இதைச் சாப்பிட்டால் இனிப்பு தருவேன்” என்பது மோசமான பேரம், காய் தண்டனை என்றும் இனிப்பு பரிசு என்றும் குழந்தையின் மனதில் பதிந்துவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திராட்சையை முழுதாகத் தராமல் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், முழுதாக இருந்தால் தொண்டையில் அடைக்கும்.

யார் மருத்துவரைக் கேட்ட பிறகு தொடங்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் கட்டுப்பாடு இருக்கலாம். வாழைப்பழம், தக்காளி, ஆரஞ்சு எல்லாமே அளவு பார்த்துத்தான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழத்தை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. முழுப் பழமாக, ஒரு வேளைக்கு ஒரு பங்காக, தங்கள் மருத்துவர் சொன்ன அளவுக்குள் சாப்பிடலாம்.

தயாரிக்க முடியாமல் போகும் வாரங்களுக்காக உறைந்த பட்டாணியோ கலவைக் காய்களோ ஒரு பாக்கெட் எப்போதும் ஃப்ரீசரில் இருக்கட்டும். பறித்த கையோடு வெந்நீரில் முக்கி உறைய வைப்பதால் சத்தில் பெரிய இழப்பில்லை. உருகவிடாமல் அப்படியே சூடான வாணலியில் போடுங்கள். உருகவிட்டால் நீர்விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும்.