ஒவ்வாமை ஆஸ்துமாவும் மைட்டோகாண்ட்ரியாவும்: ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் முறை

ஒவ்வாமை ஆஸ்துமாவின் செல் உயிரியலைப் படிக்கத் தொடங்குபவரைத் தடுமாற வைப்பது புரதப் பெயர்களின் கூட்டமே. ஆகவே முதலில் ஒரு வெள்ளைத்தாளில் மூச்சுக்குழாயின் உட்சுவரை வரைந்து, நோய் நிகழும் வரிசையில் அப்பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுத்தூசி உண்ணியின் கழிவில் உள்ள டெர் பி 1 என்னும் நொதி, மூச்சுக்குழாயின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களை அறுக்கிறது. காயமுற்ற செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-25, ஐஎல்-33 ஆகிய சமிக்ஞைப் புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றால் தூண்டப்பட்ட நோய் எதிர்ப்புச் செல்கள் ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13 ஆகிய வேறு சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. ஐஎல்-4, ஒவ்வாமைக்குரிய எதிர்ப்பொருளான ஐஜிஇ உருவாக வழிசெய்கிறது, ஐஎல்-5 ஈசினோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்களைப் பெருக்குகிறது, ஐஎல்-13 கோழையை மிகுவிக்கிறது.

அடுத்து, வரைந்த செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியாவைச் சேருங்கள். ஆற்றல் நிலையம் என்ற பள்ளிப்பாட விளக்கம் இங்கே போதாது. கால்சியத்தை ஏற்று வைப்பதும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குவதும், தன்னுள் இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும்போது செல்லின் சாவைத் தொடங்கிவைப்பதும் அதன் செயல்களே.

இனிதான் கவனம் வேண்டிய இடம்: மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அழற்சிக்கும் இடையே அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது? 2008இல் வெளியான சுண்டெலி ஆய்வொன்றில், மூச்சுக்குழாய் எபிதீலியத்தின் மைட்டோகாண்ட்ரியா வீங்கி, உட்சவ்வின் மடிப்புகளான கிரிஸ்டே அழிந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் அளவும் நுரையீரலில் குறைந்திருந்தது. ஐஎல்-4ஐ எதிர்ப்பொருளால் தடுத்ததும் இம்மாற்றங்கள் சீரடைந்தன. அழற்சியே சேதத்துக்குக் காரணம் என்று இதிலிருந்து தோன்றும். ஆனால் 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில், மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாக்கும் புரதத் தொகுதிகளின் வரிசையான எலக்ட்ரான் கடத்தல் சங்கிலியில் மூன்றாம் தொகுதியைச் சேர்ந்த யூக்யூசிஆர்சி2 என்ற புரதத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டு ஒவ்வாமை தரும் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தச் சாற்றைச் செலுத்தியபோது, அழற்சி மேலும் கடுமையானது. என் கணிப்பில் அம்புக்குறியை இருபுறமும் போடுவதே பொருந்தும். ஒருபுறம் மட்டும் போடும் கட்டுரையிடம் கூடுதல் சான்று கேளுங்கள்.

பிறகு செய்முறைப் பகுதிக்குச் செல்லுங்கள். சுண்டெலிக்கு ஆஸ்துமா இயல்பாக வருவதில்லை. முட்டை வெண்கருப் புரதமான ஓவால்புமினை ஊசிவழி ஏற்றி, பின்னர் மூச்சுவழியும் செலுத்திச் சில வாரங்களில் உண்டாக்கும் நிலை, மனிதர் பல்லாண்டு சுமக்கும் நோய்க்கு முழுதும் ஈடாகாது. எந்தச் செல்லில் அளந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: கடும் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய் மென்தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா பெருகியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. எபிதீலியத்தில் சிதைவும் தசையில் பெருக்கமும் இருக்கையில், நுரையீரல் முழுவதையும் அரைத்து எடுத்த ஒற்றை எண் இரண்டையும் மறைத்துவிடக்கூடும்.

சிகிச்சை பற்றிய பத்தியை இறுதியில் படியுங்கள். குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) தம் மைட்டோகாண்ட்ரியாவை நோயுற்ற எபிதீலியச் செல்களுக்கு வழங்குவதை மிரோ1 என்ற புரதம் விரைவுபடுத்துவதாக 2014இல் சுண்டெலிகளில் காட்டப்பட்டது. நம்பிக்கையூட்டும் செய்தி, ஆனால் அது நோயாளிக்கான மருந்து அன்று. நோயாளி ஒருவருக்காக இதைப் படிப்பவர், இத்தகைய கட்டுரையை நம்பி ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மாத்திரைகளைத் தொடங்கவோ, மருத்துவர் தந்த இன்ஹேலரை நிறுத்தவோ வேண்டாம். ஐயம் எழுந்தால் கட்டுரையை மருத்துவரிடமே காட்டிக் கேளுங்கள்.