லிமிட் ஹோல்டெமில் ஓயாமல் ரெய்ஸ் செய்பவரைச் சமாளிக்க

போக்கரில் எந்தச் சீட்டு வந்தாலும் பெட் (பந்தயம் வைப்பது), ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது) என்றே ஆடும் ஒருவர் மேசையில் இருந்தால், பலர் பயந்து நல்ல கையையும் மடக்கிவிடுகிறார்கள், அதாவது ஆட்டத்தை விட்டு விலகிவிடுகிறார்கள். பெட் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்ட லிமிட் ஆட்டத்தில் அதுதான் பெரிய நஷ்டம்.

4-8 டாலர் மேசை (முதல் சுற்றுகளில் பெட் 4, பிந்தைய சுற்றுகளில் 8) என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஏஸ்-9. மேசையில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள் கிங், 9, 4, 7, 2. நீங்களும் அவரும் மட்டும் மிச்சம். நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தில், அதாவது பாட்-இல், 48 டாலர் இருக்க, ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு வந்த பிறகான சுற்றில்) அவர் 8 டாலர் பெட் வைக்கிறார். 56 டாலரை வெல்ல நீங்கள் போடுவது 8 டாலர்தான். எட்டு முறையில் ஒரு முறை ஜெயித்தாலே போட்ட காசு திரும்பிவிடும். இவர் அதைவிட எவ்வளவோ அதிகமாகப் பொய் பெட் வைப்பவர். யோசிக்காமல் கால் செய்யுங்கள் (அவர் வைத்த அதே தொகையைப் போடுங்கள்).

இதே கையோடு ரிவரில் நீங்கள் முதலில் ஆட வேண்டியிருந்தால் செக் செய்வது (பெட் வைக்காமல் முறையை அடுத்தவருக்கு விடுவது) நல்லது. நீங்கள் பெட் வைத்தால் அவருடைய வெற்றுக் கை மடங்கிவிடும். செக் செய்தால் அதே கையோடு அவரே காசு போடுவார்.

பலமான கை என்றால் டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) வரை பொறுங்கள். அங்கேதான் பெட் 4-லிருந்து 8 ஆகிறது, செக்-ரெய்ஸுக்கு (முதலில் செக் செய்து, அவர் பெட் வைத்ததும் ரெய்ஸ் செய்வதற்கு) ஏற்ற இடம்.

முடிந்தால் அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள்; அவருக்கு அடுத்து ஆடுவது நீங்களாக இருப்பீர்கள். அவர் ரெய்ஸ் செய்ததும் ஏஸ்-ஜாக், ஜோடி 9 போன்ற கைகளோடு மறுபடி ரெய்ஸ் செய்தால் மற்றவர்கள் பெரும்பாலும் விலகிவிடுவார்கள். ஆனால் அப்புறமும் அமைதியான ஆட்டக்காரர் ஒருவர் திடீரென்று ரெய்ஸ் செய்தால், அவர் கை பலமானது என்று நம்புங்கள்.